ஏடிஹெச்டி இருப்பவர் ஆபீஸில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: பிப்ரவரி 6, மாலை 6.15

எனக்கு 31 வயது. ஆறு மாதம் முன்பு ஏடிஹெச்டி, அதாவது கவனக் குறைவு மற்றும் துறுதுறுப்புக் கோளாறு, என்று மருத்துவர் உறுதி செய்தார். கணக்குப் பிரிவில் வேலை. வேலை தெரியாமல் இல்லை, முடிப்பதுதான் நடப்பதில்லை. கெடு முடிகிற ராத்திரி உட்கார்ந்து அடித்துப் பிடித்து அனுப்புவேன், அதில் எங்காவது இரண்டு எண் இடம் மாறியிருக்கும், மேனேஜர் "அலட்சியம்" என்பார். ஹெச்.ஆரிடம் ஏடிஹெச்டி என்று பெயரெல்லாம் சொல்லாமல் லேசாகப் பேசிப் பார்த்தேன். "என்ன மாற்றம் வேண்டுமோ எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு படிவம் அனுப்பினார்கள். அதில் "காரணம்" என்று ஒரு கட்டம் வேறு. மூன்று வாரமாகத் திறந்தபடியே கிடக்கிறது. என்ன எழுதுவது? பக்கத்து சீட்காரர் "எல்லோரும்தான் மறக்கிறோம்" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

பதில்: பிப்ரவரி 6, இரவு 10.50

மூன்று வாரமாகத் திறந்து கிடக்கும் படிவத்தை விடப் பெரிய சான்று வேறு வேண்டியதில்லை, அதையே படம் பிடித்து இணைத்துவிடலாம். சரி, விளையாட்டு போதும்.

எனக்கு 34 வயதில்தான் தெரிந்தது. மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிற வேலை. தெரிந்தவுடன் நான் செய்த முதல் தப்பு, இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போனது. ஹெட்போன், தனி அறை, வசதிப்பட்ட நேரம், வீட்டிலிருந்து வேலை, கூடுதல் அவகாசம் என்று பதினோரு வரி. அவர் பொறுமையாகப் படித்துவிட்டு "இதெல்லாம் யாருக்குத்தான் வேண்டாம்?" என்றார். கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் பட்டியலில் என் வேலை எங்கேயும் இல்லை.

அப்புறம் தலைகீழாகப் போனேன். கடந்த இரண்டு மாதத்தில் எங்கெங்கே சறுக்கினேன் என்று மட்டும் எழுதினேன். மீட்டிங் முடிந்து எழுந்து வரும்போது வாசலில் நிறுத்திச் சொன்ன திருத்தம் காணாமல் போனது, ஐந்து தடவை. எட்டு வார வேலையில் முதல் ஆறு வாரம் ஒரு வரியும் எழுதாமல் இருந்தது, இரண்டு தடவை. நடுவில் யாராவது "ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டு, திரும்பி வந்து வேறு ஃபைலைத் திறந்து அன்று முழுக்க அதிலேயே கிடந்தது, எண்ணவில்லை. இதைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியது தானாகவே வந்தது. முதல் சறுக்கலுக்கு நான் கேட்டது இவ்வளவுதான்: வாயால் சொல்லும் திருத்தத்தை நான் இரண்டு வரி மெயிலாக எழுதி அனுப்புகிறேன், நீங்கள் "ஆமாம்" என்று மட்டும் பதில் போடுங்கள். அதற்கு யார் மறுப்பார்கள்?

இதன் பின்னணி எளிது. ஒரு வேலை நடக்கும்போது மனசு கொஞ்ச நேரத்துக்கு ஏந்திக்கொண்டிருக்கும் நினைவு என்று ஒன்று உண்டு, நமக்கு அந்தக் கை சின்னது. ரஸ்ஸல் பார்க்லி மாதிரி இதிலேயே பல வருடம் ஆராய்ச்சி செய்தவர்கள், ஏடிஹெச்டியை வெறும் கவனக் குறைவாகப் பார்ப்பதில்லை. தன்னைத் தானே நடத்திக்கொண்டு போகும் திறனில் உள்ள சிக்கல் என்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், அதை அந்த வேளையில் செய்ய வைக்கிற பிடிதான் இல்லை. அதனால் இன்னொரு பயிற்சி வகுப்புக்கு அனுப்புவதில் பிரயோஜனம் கிடையாது. வேலை நடக்கிற இடத்திலேயே ஏதாவது மாற வேண்டும்.

"காரணம்" கட்டத்தில் பெயரைச் சொல்லவே வேண்டாம் என்பது என் கட்சி. "எழுத்தில் இருந்தால் வேகமாகவும் பிழை குறைவாகவும் செய்ய முடிகிறது" என்று போடுங்கள், போதும். நான் அப்படித்தான் இரண்டு வருடமாக ஓட்டுகிறேன்.

பிப்ரவரி 6, இரவு 11.35

முக்கியமானதை விட்டுவிட்டேன். படிவத்தைத் தனியாக உட்கார்ந்து நிரப்ப முயற்சி செய்யாதீர்கள், நான்காவது வாரமும் போய்விடும். படிவம் அனுப்பியவரிடமே "இருபது நிமிடம் உட்காருங்கள், பேசிக்கொண்டே நிரப்பிவிடலாம்" என்று கேளுங்கள். அதுவே உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

பிப்ரவரி 8, காலை 7.20

பக்கத்து சீட்காரர் சொன்னதையே இங்கே நாலு பேர் வேறு வேறு சொல்லில் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இருமல் வரும், அதனால் ஆஸ்துமா என்று ஒன்று இல்லை என்று ஆகிவிடுமா?

மறதி இருந்தால் உடனே சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. மனநலப் பிரச்சினைகளை உறுதி செய்ய மருத்துவர்கள் பார்க்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.மின் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். கவனச் சிதறல், துறுதுறுப்பு என்ற இரண்டு வகை அறிகுறிகளில் ஒன்றிலாவது பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு ஆறு தேவை. பழைய பதிப்பில் அந்த வயது ஏழாக இருந்தது. வகுப்பில் ஓடாமல், பேசாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஏன் முப்பது வயதுக்கு மேல் வரிசையாக மருத்துவரிடம் போகிறார்கள் என்பதற்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. நான் அந்த ஜன்னலோரப் பிள்ளை. என் மதிப்பெண் அட்டையில் "திறமை உண்டு, முயற்சி இல்லை" என்று ஒவ்வொரு வருடமும் வெவ்வேறு கையெழுத்தில் இருக்கும்.

பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளின் கணக்கு. நூறு பேர் வேலை செய்யும் தளத்தில் இரண்டு மூன்று பேர். யார் என்று தேடாதீர்கள், கெடு முடிகிற ராத்திரி விளக்கு எரிகிற மேஜையைப் பாருங்கள்.

பிப்ரவரி 9, மதியம் 1.05

ஒருவர் "இந்தச் சலுகையெல்லாம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு உறுத்துவது அந்தச் சொல்தான். சலுகை என்றால் கொடுப்பவர் மனசு வைத்துக் கொடுப்பது, மனசு மாறினால் எடுத்துக்கொள்வது. நான் "ஏற்பாடு" என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வருபவரை யாரும் சலுகை வாங்கியவர் என்று சொல்வதில்லை.

சட்டம் பற்றியும் கேட்டிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில், நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை இல்லாமல் செய்யக்கூடிய தேவையான மாற்றங்கள் என்று இதற்கு வரையறை இருக்கிறது, மறுப்பது பாகுபாடு என்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 1990ஆம் வருடச் சட்டம், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு. பிரிட்டனில் 2010ஆம் வருட சமத்துவச் சட்டம். இந்தியாவின் 2016ஆம் வருடச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலில் இருக்கின்றன, கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு, ஏடிஹெச்டி தனிப்பெயரில் இல்லை. ஆக எந்த ஊர் என்பதைப் பொறுத்து உங்கள் கையில் இருப்பது மாறும். ஆனால் எந்தச் சட்டத்திலும் "வாசலில் சொன்ன திருத்தத்தை மெயிலில் போடு" என்று எழுதியிருக்காது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

செலவு பற்றிய பயமும் வீண். அமெரிக்காவில் 1983 முதல் இயங்கும் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் என்ற ஆலோசனை அமைப்பு, நிறுவனங்களிடம் வருடக்கணக்காகக் கேட்டு வருகிறது. கிட்டத்தட்ட பாதி ஏற்பாடுகளுக்குக் காசே செலவாகவில்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் பதில்.

பிப்ரவரி 13, இரவு 9.40

தனி அறை கேட்கலாமா என்று கேட்டவருக்கு என் கதை.

நான் கேட்டேன், கிடைத்தது, அதுதான் பிரச்சினை. எங்கள் தளத்தில் நாற்பது பேர், தடுப்பு கிடையாது, என் நாற்காலிக்குப் பின்னால் பிரின்டர். யார் வந்தாலும் தலை திரும்பும். மேனேஜர் ரொம்ப நல்ல மனசோடு, யாரும் பயன்படுத்தாத ஒரு சின்ன அறையைத் திறந்துவிட்டார். கதவு, அமைதி, வெள்ளைச் சுவர். முதல் நாள் சொர்க்கம். இரண்டாம் நாள் நான் ஒரு அட்டவணையின் கோடுகளுக்கு எந்தச் சாம்பல் நிறம் பொருந்தும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், கடிகாரத்தைப் பார்த்தால் நாலு மணி. மதியம் சாப்பிடவில்லை, யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட ஆள் இல்லை. மூன்றாம் நாள் அறையில் தூங்கிவிட்டேன். அந்த வாரம் மாதிரி மோசமான வாரம் அதற்கு முன்பும் இல்லை.

எனக்கு நேரம் கடப்பது உள்ளே தெரியாது. "இப்போது", "இப்போது இல்லை" என்று இரண்டுதான் என் மண்டைக்குள். மற்றவர்கள் எழுந்து போவது, வருவது, லேப்டாப் மூடும் சத்தம், இதெல்லாம்தான் எனக்குக் கடிகாரமாக இருந்திருக்கிறது. அறைக்குள் போனதும் கடிகாரம் நின்றுவிட்டது.

அப்புறம்தான் படித்தேன், 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கவனச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்குப் பின்னணியில் சீரான இரைச்சல் ஓடவிட்டு நினைவுத் தேர்வு வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் இரைச்சலில் மேலாகச் செய்தார்கள், மற்ற குழந்தைகள் மோசமாகச் செய்தார்கள். சிலருக்கு மூளை விழித்திருக்கக் கொஞ்சம் சத்தம் தேவைப்படுகிறது என்பது அவர்களின் விளக்கம். ஆனால் சீரான இரைச்சல் வேறு, பக்கத்து மேஜைப் பேச்சு வேறு. அர்த்தமுள்ள சத்தம்தான் ஆளை இழுக்கிறது.

கடைசியில் நின்றது இது: திறந்த தளத்திலேயே, ஆனால் முதுகுக்குப் பின்னால் சுவர் வருகிற மூலை மேஜை. யாரும் பின்னால் நடக்க முடியாது. ஹெட்போனில் மழைச் சத்தம். எதிரே அதே மாதிரி அமைதியாக எழுதுகிற ஒரு சக ஊழியர். அவர் எனக்கு எதுவும் செய்வதில்லை, எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். இதற்கு ஆங்கிலத்தில் பாடி டபிளிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்குக் கூட்டாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாடம் படித்தோமே, அதேதான். காசில்லாத ஏற்பாடு, நான் கேட்ட பதினோரு வரியில் அது இல்லவே இல்லை.

பிப்ரவரி 13, இரவு 11.10

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், தனக்குத் தனி அறைதான் உயிர் காத்தது என்கிறார். இருக்கும். கவனம் சிதறுவது மேலோங்கியவர்கள், துறுதுறுப்பு மேலோங்கியவர்கள், இரண்டும் கலந்தவர்கள் என்று மூன்று விதம் உண்டு, அதற்குள்ளும் ஆளுக்கு ஆள் வேறு. நான் பதினோரு வரிப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி நீங்கள் என் மூலை மேஜையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இரண்டு வாரம் சோதித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். "நிரந்தரமாக" என்று கேட்டால் யோசிப்பவர்கள் "இரண்டு வாரம்" என்றால் சரி என்பார்கள், பிடிக்கவில்லை என்றால் திரும்புவதும் அவமானமாக இருக்காது. நான் அந்த அறையை விட்டு வெளியே வருவதாகச் சொல்ல ஒரு மாதம் வெட்கப்பட்டேன், இவ்வளவு கஷ்டப்பட்டுத் திறந்து கொடுத்தாரே என்று.

பிப்ரவரி 20, மாலை 5.30

கெடு விஷயம். கூடுதல் அவகாசம் கேட்கலாமா என்பதற்கு என் பதில், கேட்காதீர்கள் என்பதே. எட்டு வாரத்தைப் பத்து வாரம் ஆக்கினால் நான் ஆறுக்குப் பதில் எட்டு வாரம் சும்மா இருப்பேன், இதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

பொய்க் கெடுவும் வேலைக்கு ஆகாது. எங்கள் மேனேஜர் ஒரு முறை நிஜத் தேதிக்குப் பத்து நாள் முன்னதாக ஒரு தேதி சொன்னார். நான் எவ்வளவு மறதிக்காரனானாலும் அது பொய் என்பது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

எது வேலைக்கு ஆனது என்றால், மறுமுனையில் நிஜமாகவே ஒருவர் காத்திருப்பது. ஒவ்வொரு புதன்கிழமையும் காலை 15 நிமிடம், அந்த வாரம் எழுதிய பகுதியைச் சோதனைக் குழுவில் ஒருவருக்குக் கொடுப்பேன், அவர் அதை வைத்துத் தன் வேலையைத் தொடங்குவார். நான் கொடுக்காவிட்டால் அவர் சும்மா உட்கார வேண்டும். எட்டு வார மலை எட்டு மேடாகிவிட்டது. முதல் சில வாரம் ஸ்கூலில் ஹோம்வொர்க் நோட்டைக் காட்டுகிற மாதிரிக் கூசியது. "எங்கே வரை வந்தாய்" என்று மேலே நின்று கேட்டிருந்தால் அடுத்த வாரமே ஓடியிருப்பேன். கேட்பது மேனேஜராக இல்லாமல், அந்தப் பக்கத்துக்காக நிஜமாகக் காத்திருக்கும் ஆளாக இருந்ததுதான் வித்தியாசம்.

இடையூறு பற்றி: குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் ஆபீஸ் ஊழியர்களைக் கூடவே இருந்து நிமிடம் நிமிடமாகக் கவனித்தவர். நடுவில் விட்ட வேலைக்குத் திரும்ப சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று அவர் கண்டார். அது எல்லோருக்குமான கணக்கு. எனக்குச் சில நாள் திரும்புவதே இல்லை. அதனால் காலை 10 முதல் 12 வரை சாட் மூடியிருக்கும், அவசரமென்றால் போனில் கூப்பிடலாம் என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லிவைத்தோம். ஒரு மாதத்தில் பாதிப் பேர் தங்களுக்கும் அதே இரண்டு மணி நேரத்தை மூடிவைத்தார்கள். மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா என்று கேட்டவர் கவனிக்கவும்.

மார்ச் 2, இரவு 12.15

பத்து நாளாக இங்கே வரவில்லை. "இழையில் பதில் போடு" என்று அலாரம் வைத்திருந்தேன். தினமும் ஒன்பது மணிக்கு அடிக்கும், தினமும் அணைப்பேன். என் போனில் இப்படி 14 அலாரம் இருக்கிறது. மூன்றாவது நாளிலிருந்து அலாரம் சுவரோடு சுவராகிவிடுகிறது, கை தானாக அணைக்கிறது, காதுக்கே தெரிவதில்லை. ஆகவே "அலாரம் வைத்துக்கொள்ளக் கூடாதா" என்று அறிவுரை சொல்ல வருபவர்களுக்கு: வைத்திருக்கிறோம்.

"மாத்திரை போட்டால் சரியாகிவிடுமே, ஆபீஸ் ஏன் மாற வேண்டும்" என்றும் ஒரு கேள்வி பார்த்தேன். மாத்திரை உதவுகிறது, எனக்கு நிறையவே. மெத்தில்பெனிடேட் 1944இல் உருவாக்கப்பட்ட மருந்து, புதிதல்ல. ஆனால் அதில் சீக்கிரம் வேலை செய்யும் வகை ஏறத்தாழ நாலு மணி நேரம்தான் நிற்கும், நீண்ட நேர வகைக்கும் முடிவு உண்டு, எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளவும் செய்யாது. மருந்து பிடியைக் கொஞ்சம் இறுக்கும், எதைப் பிடிப்பது என்று சொல்லாது. நன்றாக வேலை செய்யும் அந்த நாலு மணி நேரத்தில் என்னை மூன்று மீட்டிங்கில் உட்கார வைத்தால் அது யார் தப்பு? என் கஷ்டமான வேலையைக் காலைக்கும் மீட்டிங்குகளைப் பிற்பகலுக்கும் மாற்றச் சொன்னேன், பெரும்பாலும் நடந்தது.

அப்புறம் நேரம். நம்மில் பலருக்கு ராத்திரி தூக்கம் தள்ளித்தான் வரும். "எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்று முதலில் வாங்கினேன். எப்போது வேண்டுமானாலும் என்றால் எனக்கு எப்போதுமே இல்லை. இப்போது 10.30, தினமும், அசைவில்லாமல். நேரம் தள்ளியிருக்க வேண்டும், ஆனால் கெட்டியாக இருக்க வேண்டும். இதைப் புரியவைக்கத்தான் அதிக நாள் ஆனது, தளர்த்திக் கேட்டவன் ஏன் இறுக்கிக் கேட்கிறான் என்று அவர்களுக்குக் குழப்பம்.

மார்ச் 19, இரவு 10.20

பிப்ரவரி 6 அன்று எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். "காரணம்" கட்டத்தைப் பற்றி நான் சொன்னது தப்பு.

எங்கள் மேனேஜர் இந்த மாதத் தொடக்கத்தில் போய்விட்டார். புதியவர் வந்தார், கெட்டவர் இல்லை, சுறுசுறுப்பானவர். முதல் வாரம் இடம் மாற்றினார், மூலை மேஜை போயிற்று. காலை 10.30க்குத் தினமும் நின்றபடி ஒரு மீட்டிங். திருத்தமெல்லாம் போனில். நான் மெயில் எழுதி அனுப்பினால் "நேரில்தான் பேசினோமே, எதற்கு இது" என்று பதில் வந்தது. இரண்டு வருடமாகக் கட்டிய எல்லாம் ஒன்பது நாளில் காலி. ஏனென்றால் அது எதுவுமே எங்கேயும் இல்லை. எனக்கும் பழைய மேனேஜருக்கும் நடுவில் ஒரு நல்லெண்ணம், அது அவரோடேயே கிளம்பிவிட்டது. சலுகை என்ற சொல்லைப் பிடித்து அவ்வளவு பேசினேனே, நான் வாங்கி வைத்திருந்தது சரியான சலுகை.

இதைவிட வலித்தது ஒன்று. வருடாந்திர மதிப்பீட்டில் புதியவர் எழுதியிருந்தார்: "பணியை முடிக்க வாராந்திர மேற்பார்வை தேவைப்படுகிறது." புதன்கிழமை 15 நிமிடம்தான் அது. பழைய குறிப்புகளில் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார், ஏன் என்று அவருக்குத் தெரியாது, பார்த்ததிலிருந்து நியாயமான முடிவுக்கு வந்திருக்கிறார். நான் சறுக்காமல் இருக்கப் போட்ட ஊன்றுகோல், நான் நொண்டி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

அதனால் போன வாரம் ஹெச்.ஆரிடம் பெயரைச் சொன்னேன். கை நடுங்கியது. மருத்துவரிடம் கடிதம் வாங்கினேன், முழு அறிக்கையைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. பால்ய காலம், குடும்பம், மருந்து அளவு எதுவும் அவர்களுக்கு வேண்டியதில்லை. கடிதத்தில் மூன்று விஷயம்: இந்த நிலை இருக்கிறது, வேலையில் இந்த இந்த இடங்களில் பாதிக்கிறது, இந்த ஏற்பாடுகள் உதவும். அதை வைத்து அரைப் பக்கத்தில் ஓர் ஆவணம் போட்டு, அவர்களும் நானும் கையெழுத்திட்டோம். மேனேஜருக்குப் போனது ஏற்பாடுகள் மட்டும், காரணம் ஹெச்.ஆர். கோப்பில். மதிப்பீட்டு வரியைத் திருத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

எல்லோரும் சொல்லியே ஆக வேண்டும் என்று இப்போது மறுபக்கம் சாயவும் மாட்டேன். சொன்னதற்காக ஓரம் கட்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும், சட்டம் பின்னால் இல்லாத இடத்தில் சொல்வது வேறு கணக்கு. ஆனால் சொல்லாமல் வாங்கியது, சொல்லாமல் போகும். அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

மார்ச் 20, காலை 8.00

சொன்ன பிறகு யாராவது வேறு மாதிரி நடத்தினார்களா என்று கேட்கிறீர்கள். நானே சொன்ன ஒரு சக ஊழியர் மட்டும் என்னிடம் மெதுவாக, சத்தமாகப் பேசத் தொடங்கியிருக்கிறார். காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்ல மறந்துகொண்டே இருக்கிறேன்.

ஏப்ரல் 11, இரவு 9.05

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியதைப் பார்த்தீர்களா? ஹெச்.ஆர். பெண்மணியோடு உட்கார்ந்து 25 நிமிடத்தில் படிவத்தை முடித்துவிட்டாராம். மூன்று கேட்டார், இரண்டு கிடைத்தது: மாதக் கணக்கு முடிப்பதை நாலு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், அதோடு முதல் இரண்டு மணி நேரம் சாட் மூடல். மறுத்தது, எண்களை இன்னொருவர் சரிபார்த்துக் கொடுப்பது.

மறுத்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. கணக்குப் பிரிவில் எண் சரியாக இருப்பதுதான் வேலையின் முதுகெலும்பு. அதை நிரந்தரமாக இன்னொருவர் தலையில் போடுவது, வேலையைச் செய்யும் வழியை மாற்றுவதில் சேராது, வேலையையே மாற்றுவதாகிவிடும். அமெரிக்கச் சட்டமும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறது, வேலையின் முக்கியமான கடமையை நீக்கவோ தரத்தைக் குறைக்கவோ நிறுவனம் கட்டாயமில்லை. ஆனால் அதே இடத்துக்குப் போக வேறு வழி இருக்கிறது. முடித்த அன்றே அனுப்பாமல் மறுநாள் காலை பார்த்துவிட்டு அனுப்புவது என்று விதியாக்கிக்கொள்ளுங்கள். நாலு துண்டாக்கிய பிறகு அதற்கு நேரமும் இருக்கும். நீங்கள் சொன்ன இடம் மாறிய எண்களெல்லாம் கெடு முடிகிற ராத்திரி இரண்டு மணிக்கு நடந்தவைதானே? நான் என் பக்கங்களைக் கணினியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். கண் தாண்டிப் போகும் தப்பைக் காது பிடித்துவிடும். எண்களுக்கும் இது வேலை செய்யுமா என்று முயன்று பார்த்துச் சொல்லுங்கள். ஸ்பிரெட்ஷீட்டில் கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் கட்டம் சிவப்பாகிற மாதிரி வைப்பதும் உண்டு. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

என் மதிப்பீட்டு வரி பற்றி: திருத்திவிட்டார்கள். "வாராந்திரக் கையளிப்பு முறையில் பணிபுரிகிறார்" என்று மாற்றியிருக்கிறார்கள். அதே 15 நிமிடம்தான். புதிய மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த திருத்தம் மெயிலில் வந்தது.

மே 3, மாலை 6.50

ஆவணம் போட்டால் அதிலேயே மறுபார்வைத் தேதி ஒன்றைப் போடுங்கள் என்று எழுத வந்தேன், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எது தேவை, எது தேவையில்லை என்பது மாறுகிறது. மழைச் சத்தம் எனக்கு இப்போது வேண்டியதில்லை. மூலை மேஜை திரும்பக் கிடைக்கவில்லை, வேறு மேஜை, ஆனால் சுவர் இருக்கிறது.

இன்னொன்று ஒப்புக்கொள்ள வேண்டும். போன மாதம் எல்லாம் நன்றாகப் போகிறதே என்று நானாகவே புதன்கிழமைக் கூட்டத்தை நிறுத்திப் பார்த்தேன். முதல் வாரம் ஒழுங்காக எழுதினேன். இரண்டாம் வாரம் அட்டவணைக் கோட்டுக்குச் சாம்பல் நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிரே இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் காலண்டரில் அழைப்பு அனுப்பினார்.

புதன்கிழமை திரும்ப வந்துவிட்டது. 15 நிமிடம் போதவில்லை, 20 ஆக்கியிருக்கிறோம்.